தண்டனைக்கு வந்த வாத்தியார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், காது கேட்காத பிள்ளைகளுக்கென்று சர்க்கார் ஓசூரில் திறந்த வகுப்பில் என் மகளைச் சேர்த்தேன். வாசலில் அலங்கார வளைவு கட்டக் காசு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆளைப் போடத்தான் காசில்லையாம். வந்தவர், சேலத்தில் அதிகாரியோடு மோதியதால் மாற்றப்பட்ட கணக்கு வாத்தியார்.

ஒல்லியான மனிதர்; கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு. என்றைக்காவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று டிரங்குப் பெட்டியை வகுப்பிலேயே வைத்திருந்தார். அடிக்கடி அதன் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

ஒரு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் என்ன கற்றாய் என்று மகளிடம் சைகையில் கேட்டேன். இல்லாத பூட்டு ஒன்றை இழுத்துக் காட்டினாள்.

மறுநாள் எங்கள் ஊர் ஜூஜுவாடியில் பஸ் ஏறி, வகுப்புக்கே போய் அவரிடம் கத்தினேன். "சம்பளம் வாங்குறீங்களே சார், எம்புள்ளைக்கு ஒரு எழுத்தாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

அவரும் கத்தினார். "இந்த வேலை எனக்கு என்னய்யா தெரியும்? நான் அதிகாரிய எதுத்துப் பேசினேன், தண்டனையா இங்க தள்ளுனாங்க. இந்தப் புள்ளைங்க யார எதுத்துப் பேசுச்சுங்க?"

அவர் கை தானாகப் பூட்டுக்குப் போய் இழுத்தது. பெஞ்சிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும், பாடம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, கையை நீட்டி இழுத்தார்கள்.