சோழர்கள் மெலிந்த வாரம்

உலக சரித்திரம் முழுவதும் எங்கள் வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே இருந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் துண்டை எகிப்தின் மேல் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அதை அங்கே ஒட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. நொய்டாவில் ஒரு பத்திரிகை ஆபீஸில் செய்தியைப் படமாகப் போடுகிற வேலை அவருக்கு. இன்ஃபோகிராஃபிக் என்பார். வெங்காய விலை ஏறினால் வெங்காயத்தையே ஏணியில் ஏற்றிவிடுவார். மழை குறைந்தால் குடையைச் சுருக்கிவிடுவார். இன்னும் கல்யாணமாகாதவர் என்பதால் டெல்லி ஜனக்புரியில் எங்களோடு தங்கி, அம்மா வைக்கும் மீன் குழம்பை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தார்.

வாசிக்க மாட்டேன் என்பவனையும் பார்க்க வைப்பதுதான் தன் தொழில் என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஒருவன் வீட்டிலேயே இருந்தான். டெல்லியில் பிறந்தவன் நான். படித்தது தமிழில் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் என்றாலும், தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்துத்தான் ரோடு கடக்க வைப்பேன். ஒரு பாராவின் கடைசிக்கு வந்து சேர்வதற்குள், முதல் வரியில் யார் யாரோடு சண்டைக்குப் போனார் என்பது மறந்திருக்கும். ஆறாம் வகுப்பு சரித்திரத்தில் ஃபெயிலானேன். பள்ளிக்கூடத்தில் இரக்கப்பட்டு, லீவு முடிந்ததும் வாய்மொழியாக இன்னொரு பரீட்சை வைப்பதாகச் சொன்னார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுவாளே, அந்த அமைதியான குரலில் என்னிடம் சொன்னாள். "இதுலயும் போச்சுன்னா நாகர்கோவில் ஹாஸ்டல்தான் மக்கா." அந்த ஹாஸ்டலை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் அவியல். தெருமுனையில் கோல்கப்பா தின்ன முடியாது, மெட்ரோ கிடையாது.

மாமா எனக்காக ஆபீஸ் பிரிண்டரில் தாள்தாளாக அடித்துக்கொண்டு வந்து, டேப் போட்டு ஒட்டி, சுவரை மூடினார். மேலிருந்து கீழே காலம். இடமிருந்து வலமாக நாடுகள். ஒவ்வொரு சாம்ராஜ்யமும் ஒரு கலர் ரிப்பன். நாடு வளர்ந்தால் ரிப்பன் அகலமாகும், தேய்ந்தால் ஒல்லியாகும், செத்தால் கூர்மையாக முடிந்துவிடும்.

அதை முதலில் பார்த்த நிமிஷத்தை நான் மறக்கவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு நாடு முடிந்த பிறகுதான் அடுத்த நாடு வரும். அதனால் ரோமாபுரி ஆட்கள் எல்லாரும் செத்த பிறகுதான் சீனாவில் ஆட்கள் பிறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்து, குறுக்காக இழுத்தார். "தஞ்சாவூர்ல கோயில் கட்டுறப்போ சீனாவுல யாருடே?" விரல் போய் சோங் வம்சத்தில் நின்றது. இன்னும் நகர்த்தினால் வேறொருவர், அதற்கும் அப்பால் இன்னொருவர். எல்லாரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்திருக்கிறார்கள். விரலைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். பிற்பாடு பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன் நான். ஆனாலும் எந்த வருஷத்தைச் சொன்னாலும் இன்றைக்கும் என் விரல் குறுக்கே ஓடும். ஆயிரம் பக்கம் செய்யாததை டேப் ஒட்டிய அந்தத் தாள்கள் செய்தன.

வில்லங்கமும் இருந்தது. ஐரோப்பாவின் நடுவே மாமா ஒரு எலி வரைந்திருந்தார். அது பிளேக் நோய். நான் அதை ஏதோ ராஜாவின் கொடி என்று எடுத்துக்கொண்டு, எலி வம்சம் எத்தனை தலைமுறை என்று கேட்டேன். ஆப்பிரிக்காவில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஆளே இல்லையா என்றேன். "ஆளு இருந்தாங்கடே, எனக்குத்தான் விவரம் கிடைக்கல," என்றார். ஆனால் சுவரில் அப்படி எழுதியிருக்கவில்லை. வெள்ளை, அவ்வளவுதான்.

டியூட்டி முடிந்து வந்த அம்மா நேராகத் தென்னிந்தியாவுக்குப் போனாள்.

"என்னலே இது? நம்ம சோழன் நூலு கணக்கா இருக்கான். மங்கோலியனுக்கு மட்டும் வேட்டி அகலத்துக்குக் குடுத்திருக்க."

"அது ஸ்கேல்படி போட்டதுக்கா. அவன் குதிரையில போயி பாதி உலகத்தப் பிடிச்சான்."

"நம்மாளு கப்பல்ல போனான்லா?"

"கப்பல் போன தண்ணிக்கெல்லாம் கலர் அடிக்க முடியாதுக்கா."

"குழம்புச் சட்டி என் கையில இருக்கு, பாத்துக்க."

மறுநாள் சாயங்காலம் சோழர்கள் பெருத்துவிட்டார்கள். மாமா புதுத் தாள் ஒன்று அடித்துவந்து ஒட்டியிருந்தார். பக்கத்திலிருந்த மங்கோலியர்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போயிருந்தார்கள்.

அன்றைக்கே அம்மா மேல்மாடி பஞ்சாபி ஆன்ட்டியைக் கூட்டிவந்து காட்டினாள். ஆன்ட்டி நல்லவர்தான். ஆனால் விந்தியத்துக்குத் தெற்கே இருப்பதெல்லாம் அவருக்கு மதராஸ், அதன் சரித்திரம் தோசையில் தொடங்கித் தோசையில் முடியும். அந்த ரிப்பனைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். "இத்னா படா, சிஸ்டர்ஜி?" அம்மா ரொம்ப அடக்கமாக, ஆமாம், இவ்வளவு பெரிசுதான் என்று ஹிந்தியில் சொன்னாள். அந்த அடக்கத்தை அதற்கு முன் நான் அவளிடம் பார்த்ததில்லை.

பரீட்சை நாள் வந்தது. டீச்சர் எதிரே உட்கார வைத்துக் கேட்டார். எந்தக் காலத்தில் எங்கே யார் என்பதெல்லாம் என்னிடம் தண்ணீராகக் கொட்டியது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, ரோமாபுரி ஏன் விழுந்தது என்றார்.

"ஒல்லியாயிடுச்சு டீச்சர்."

"ஏன் ஒல்லியாச்சு?"

அது சுவரில் இல்லை. அவர் வழியை மாற்றி, சோழர், மங்கோலியர் இரண்டில் எது பெரிய சாம்ராஜ்யம் என்று கேட்டார். கண்ணை மூடிப் பார்த்தேன், அகலம் தெளிவாகத் தெரிந்தது.

"சோழர்."

"யாருப்பா சொன்னது?"

"எங்க வீட்டுச் சுவர்."

டீச்சர் சிரித்துவிட்டார். இவ்வளவு தெரிந்த பிள்ளையை ஃபெயிலாக்க மனசு வரவில்லை, இப்படிச் சொல்கிற பிள்ளையைப் பாஸாக்கவும் முடியவில்லை, சுவரைச் சரிபார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வா என்று அனுப்பினார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படம் அப்படியே இருக்கட்டும்க்கா. இவன்கிட்ட நிஜத்தை வாயால சொல்லிடறேன், மனசுல வச்சுக்கட்டும்."

"அவன் கண்ணால படிக்கிறவன்லே. நீ ஆயிரம் சொல்லு, சுவத்துல என்ன இருக்கோ அதத்தான் போயி ஒப்பிப்பான்." கத்தி நிற்கவில்லை. "மாத்திரு. பிள்ள பாஸாகணும்."

பழைய ஸ்கேலிலேயே மாமா மறுபடியும் ஒரு தாள் அடித்துவந்தார். வேறு இங்க் போட்டார்களோ என்னவோ, மற்ற தாள்களைவிட அது பளிச்சென்று இருந்தது. அதன் நடுவே சோழர்கள் பழைய நூலாக இறங்கினார்கள். நான் சும்மா இருப்பேனா? "அம்மா, உன் ஆளு டயட்டிங் போலிருக்கு," என்றேன். மாமா விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், ஆனால் காய்ந்த துணியை மடிக்க பால்கனிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மங்கோலியர் என்று பளிச்சென்று சொன்னேன். ரோமாபுரிக்கும் மாமா காரணங்களை உருப்போட வைத்திருந்தார். பாஸ். ஹாஸ்டல் அவியல் தப்பித்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி ஆன்ட்டி லூதியானாவிலிருந்து வந்திருந்த தன் நாத்தனாரை அழைத்துக்கொண்டு வந்தார். சிஸ்டர்ஜியின் ராஜாக்களைக் காட்ட வேண்டுமாம். அம்மா வாங்க வாங்க என்று சிரித்துக்கொண்டே போய், அந்தப் பளிச்சென்ற தாளின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அம்மா, தள்ளு. சோழன் மறையுறான்."

"உள்ள போயி டம்ளர் எடுத்துட்டு வா மக்கா."

எடுத்துவந்தேன். சர்க்கரை கேட்டாள். அதையும் கொடுத்தேன், பிஸ்கெட் கேட்டாள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவள் அங்கேயேதான் நின்றாள். மாமா சுவரின் மறுகோடிக்கு விருந்தாளிகளை இழுத்துப்போய், பிரமிடுகளைப் பற்றி ஹிந்தியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். எகிப்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. ஒரு கையில் காப்பி, இன்னொரு கை பின்னால் சுவரில். சோபாவில் அவ்வளவு இடம் கிடக்க, ஒருத்தி காப்பியை ஏன் நின்றுகொண்டே குடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.