பதவி ஆசை இல்லாத இருவர்

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் இருந்த தமிழர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினோம். முதல் தலைவராக வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. பாபகூராவிலிருந்து அவரோடு ரயிலில் வேலைக்குப் போகும் தமிழ்நாட்டு இன்ஜினியருக்கும் அதே ஆசை.

நான் அப்போது மாலை வகுப்பொன்றில் பழைய கிரேக்கத் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஆள ஆசைப்படாதவனே ஆளத் தகுந்தவன் என்று அங்கே ஒரு ஞானி சொன்னதைச் சாப்பாட்டின்போது சொன்னேன். கணவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"ஆசைப்படாதவனையோ?"

"ஓம். கட்டாயப்படுத்தித்தான் இருத்த வேணுமாம்."

அதைத் தன்னோடு வைத்திருக்கலாம். மறுநாள் ரயிலில் இன்ஜினியருக்கே பெருமையாக விளக்கியிருக்கிறார்.

சனிக்கிழமை ஒடாஹுஹுவில், ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம். கணவரின் பெயரை யாரோ முன்மொழிந்தார்கள். எழுந்தார்.

"எனக்குப் பதவியிலை துளியும் ஆசையில்லை" என்று சொல்லிவிட்டு, யாராவது வற்புறுத்துவார்கள் என்று நின்றார். அதற்குள் இன்ஜினியர் எழுந்துவிட்டார்.

"எனக்கு அவரைவிடக் கம்மியா ஆசைங்க."

"துளியும் இல்லையெண்டு நான் முதலே சொல்லிப்போட்டன். அதைவிடக் கம்மி எப்பிடி?"

தேநீர் ஆறியது. இருவரும் விடவில்லை. கடைசியில் சபை இருவரையும் நம்பிவிட்டது.

பக்குரங்காவிலிருந்து வந்திருந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி, வங்கியில் வேலை பார்ப்பவள், கை தூக்கினாள். "யாருக்கும் வேணாமா? எனக்கு வேணும் லா. ரொம்ப ஆசை."

ஒரு நிமிடத்தில் தலைவியாகிவிட்டாள்.

அடுத்த வகுப்பில் மிச்சப் பாடம் வந்தது: நல்லவர்கள் பதவியை மறுத்தால், தங்களைவிடக் குறைந்தவர்களால் ஆளப்படுவதே அவர்களுக்குத் தண்டனை. வீட்டில் சொன்னேன். கணவரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீரோ? அப்ப நாங்கள் நல்லவங்கள்."

ஆனால் தண்டனைதான் சரியாக நடக்கவில்லை. தலைவி கூட்டங்களைக் குறித்த நேரத்தில் தொடங்கினாள். நீட்டிப் பேசியவர்களைப் பாதியில் உட்காரவைத்தாள். பதவி ஆசை இல்லாத இருவருக்கும் நாற்காலி அடுக்கும் பொறுப்பைக் கொடுத்தாள். வேலைக்குப் போகும் ரயிலில் புரட்சி பேசுவார்கள்; மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு அடுக்குவார்கள்.

அடுத்த வருடம் அவள் பெயரை முன்மொழிந்தது என் கணவர்தான். ஏன் என்று காரில் கேட்டேன்.

"வேறை ஆரும் வந்தால் நேரத்துக்கு வீட்டை போகேலாது" என்றார்.