சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவே

நேற்று எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக் காருக்கு அடியில் ஈரமாக ஏதோ தெரிந்தது. கை சும்மா இருக்குமா? தொட்டு மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில். "கண்டதையெல்லாம் மோந்து பாக்காதீங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்று மனைவி பல்லைக் கடித்தாள். அந்த வாசனைக்குள் அவளுடைய அண்ணன் ஒரு ஜீப்பை என் மேலேயே ஓட்டிக்கொண்டு வருகிறான் என்பது அவளுக்கு எங்கே தெரியும்!

தொண்ணூறுகளின் நடுவில் நீலசந்திராவில் பாஷா பாயின் ஷெட்டில் நான் மெக்கானிக். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகள் மட்டும்தான் பார்ப்போம். பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். பிரேக் வேலை பார்த்தவன், வேலை முடிந்ததும் பின்சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். இன்னொருவன் ஜீப்பை நேரே அவனை நோக்கி ஓட்டி வந்து பிரேக் போடுவான். ஊரில் எந்த ஷெட்டிலும் இல்லாத கூத்து. முணுமுணுத்தால் பாய் சிரிப்பார். "அரே, வேலை சரியா இருந்தா நிக்கறதுக்கு எதுக்குப் பயம்?"

ஒருநாள் சக்லேஷ்பூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. "ஒந்தொந்து சல பிரேக் ஹிடியல்லா" என்றார் டிரைவர் கன்னடத்தில். சில சமயம் பிடிக்கிறதாம், சில சமயம் இல்லையாம். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். எங்கும் ஒழுகல் இல்லை, டப்பாவில் ஆயில் குறையவும் இல்லை. நான் எதிலும் அவசரக்காரன். பெடலையும் அப்படித்தான் மிதிப்பேன். டக் டக்கென்று மிதித்தேன், கல் மாதிரி நின்றது. ஆயில் லைனில் எங்கோ கொஞ்சம் காற்று புகுந்திருக்கும் என்று முடிவு கட்டி, அதை எடுத்துவிட்டு, "ஓக்கே பாய்" என்றேன்.

ஓட்ட வந்தவன், என்னோடு வேலை பார்த்த செல்வராஜ். அவன் தங்கைக்கும் எனக்கும் அடுத்த மாதம் கல்யாணம், பத்திரிகைகூட அச்சாகிவிட்டது. சுவரில் நின்ற என்னைவிட அவனுக்குத்தான் நடுக்கம். "பயப்படாத மச்சான், பூ மாதிரி மிதிக்கிறேன்" என்று கத்தினான்.

சொன்ன சொல் தவறவில்லை. இருபதடி தள்ளியே மெத்தென்று காலை வைத்தான். ஜீப் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"மச்சான், பெடல் எறங்குதுடா!"

"ஓங்கி மிதிடா!"

பாவி, மிதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். நான் எம்பி பானெட் மேல் விழுந்தேன். பம்பர் சுவரில் முட்டி நின்றது. என் பேண்ட் கிழிந்துவிட்டது, எங்கே என்று கேட்காதீர்கள்.

பாய் சாவகாசமாக வந்து எட்டிப் பார்த்தார். "மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போச்சு."

மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் சிலிண்டர் அது. உள்ளே ரப்பர் தேய்ந்தால் அப்படித்தான். ஓங்கி மிதித்தால் பிடிக்கும். மெதுவாக அழுத்தினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவி, பெடல் இறங்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. எனக்குத் தெரியாத விஷயமா? அவசரத்தில் ஒருமுறைகூட மெதுவாக மிதித்துப் பார்க்கவில்லை.

கல்யாணம் நடந்தது. செல்வராஜைப் பல வருஷம் கேலி செய்தேன். ஆனால் அன்று அவன் என்னைப் போல மிதித்திருந்தால் ஜீப் சமர்த்தாக நின்றிருக்கும். டிரைவர் என் ஓக்கேயை நம்பி, மறுநாளே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருப்பார். மலை இறக்கத்தில் யாரும் ஓங்கி மிதிப்பதில்லை, மெதுவாகத்தான் அழுத்துவார்கள்.

பாய் காலமாகிவிட்டார். ஷெட் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். நான் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில், ஏசி அறையில் உட்கார்ந்து, தினமும் முப்பது வண்டிக்கு ஓக்கே போடுகிறேன். எதற்கு முன்னாலும் என்னை நிற்கச் சொல்ல ஆளில்லை. சொன்னால் நிற்பேனா என்பதும் சந்தேகம்தான்.