செல்வமலர் மாற்றி வைத்த அமோனியாப் போத்தல்

ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர் செல்வமலர் வவுனியா ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது. புதுக்குடியிருப்பில் மருந்தாளராக இருக்கும் ஒருத்தி எழுதியிருந்தாள்: "எனக்கு இரசாயனம் விளங்க வைச்சது செல்வமலர் அக்காதான்." அவளுக்கு இரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான். கண்ணீருக்கு முன் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத முடியாது.

மலையகத்திலிருந்து வந்து நெளுக்குளத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. சோதனைக் குழாய்கள் கழுவுவதும் கரைசல்களை எடுத்து வைப்பதும்தான் அவருடைய வேலை. ஒருநாள், அமிலத்தில் சுண்ணாம்புக்கல் போன்ற காபனேற்று ஏன் கரைகிறது என்று கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதினேன். பிள்ளைகள் முழித்தார்கள். இடைவேளையில் செல்வமலர் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படிந்திருந்த வெள்ளைக் கல்லுக்குத் தேசிக்காயை வெட்டிப் புளி பிழிந்து விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"கல்லுலேர்ந்து கொஞ்சம் தண்ணிக்கு வரும், திரும்பப் போய் ஒட்டிக்கும். புளி என்ன செய்யுதுன்னா, வந்ததைப் பிடிச்சுக் காத்தா ஆக்கிடுது. திரும்பப் போக ஆளில்லை. அப்புறம் கல்லு எப்பிடி நிக்கும்?" என்றார்.

நான் முக்கால் மணி நேரம் சொன்னது அதைத்தான். ஆனால் பிள்ளைகளின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கதவடியில் நின்று பார்த்த நான் தேநீர் குடிக்காமலே திரும்பிப் போனேன்.

அடுத்தது அமோனியா. உப்புப் பரிசோதனைக்கு முதல்நாள் அவர் புதுப் போத்தலோடு வந்தார். "பழசுல மணமே இல்லை டீச்சர். மூடி லூசு."

"முதல்ல இருக்கிறதை முடியுங்கோ" என்றேன்.

மறுநாள் ஒரு மாணவியின் குழாயில் வெள்ளிக் குளோரைட்டு வெள்ளையாக வீழ்ந்தது. அமோனியா விட்டாள், கரையவில்லை. "கவனமில்லாமல் செய்தால் எப்பிடிக் கரையும்?" என்று மூன்று தரம் திரும்பச் செய்ய வைத்தேன். பிள்ளை அழுதுவிட்டாள். செல்வமலர் வந்து புதுப் போத்தலை வைத்தார். நாலு துளி விட்டதும் குழாய் தெளிந்தது. "பழைய போத்தலை மாத்த மறந்தது நான்தான், மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்று வகுப்புக்கே கேட்கச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளையிடம், "அமோனியா வெள்ளியைத் தன்னோட பிடிச்சு வச்சுக்குது. இப்ப அமிலம் விட்டா, அது அமோனியாவைப் பிடுங்கிரும். வெள்ளி பழைய ஆளு குளோரைட்டோடயே போய்ச் சேந்துரும், பாரு" என்றார். பிள்ளை நைத்திரிக்கமிலம் விட்டாள். வெள்ளை திரும்பி வந்தது. அவள் சிரித்தாள்.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். காப்பாற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை கிடைக்கும்போல் இருந்தது. அங்கிருந்து என்னிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். "சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வார்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டேன். வேலை வேறொருவருக்குப் போனது. நேர்முகத்தில் என் கடிதத்தைக் காட்டினார்களாம்; அவர் திரும்பி வந்து, "நீங்க பொய் ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் வழக்கம்போல் குழாய்களைக் கழுவினார்.

செத்தவீட்டில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தது நீங்கதானே டீச்சர். உங்க பாடம் நடக்கிறப்ப பைப்பை மூடிருவாங்களாம். தண்ணிச் சத்தத்துல நீங்க சொல்றது கேக்காதாம்."

பாடநேரத்தில் குழாய்கள் கழுவாமல் கிடக்கின்றன என்று அதிபரிடம் முறையிட்டவள் நான். அதை மகளிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள். அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் பாடங்கள் எல்லாம் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தன. ஓரங்களில் அவருடைய சொந்த வார்த்தைகள். நான் சொல்லியும் நானே கேளாத ஏதோ ஒன்றை அவர் கேட்டிருக்கிறார்.

போன கிழமை புது வகுப்புக்குக் கரைதிறன் பாடம். அந்தக் கொப்பியை விரித்து, "இது செல்வமலர் சொன்னது" என்று பெயரைச் சொல்லிப் படிப்பித்தேன். எல்லாருக்கும் விளங்கியது. ஒருத்தி எழும்பி, "அந்த ரீச்சர் இப்ப எங்க படிப்பிக்கிறா?" என்று கேட்டாள். அப்போதும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

அந்தக் கொப்பியும் அந்த எரிவும்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை. கொப்பி வேண்டுமானவர்கள் வாருங்கள், பிரதி எடுத்துத் தருகிறேன்.