ஆல்வினின் தோள்

இரட்டைக்குழல் துப்பாக்கியின் இடக்குழல் குண்டு மறுபடியும் விலகித்தான் விழுந்தது. குறி அட்டையில் இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே மூன்று விரல் வைக்கலாம். ஆல்வின் துப்பாக்கியை மடக்கித் திறந்து சூடான உறைகளை எடுத்தான்.

துப்பாக்கிக்குப் பேர்போன ஸூல் ஊரில் செய்த இரட்டைக்குழல் என்றால் இரண்டு குண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும். குழல்களின் வாய்ப்பக்கம் நடுவே ஓர் ஆப்பு வைத்து ஈயத்தால் பற்றவைப்பார்கள். சுட்டுப் பார்த்து, சேரவில்லை என்றால் ஈயத்தை இளக்கி ஆப்பை நகர்த்த வேண்டும். சுட்டுப் பார்த்துச் சரிசெய்வது ஆல்வினின் வேலை; வழக்கமாக அவனுக்கு ஒரு தடவை இளக்கினால் போதும். இதை இரண்டு தடவை இளக்கிவிட்டான். இன்னொரு தடவை சூடேற்றினால் குழல்களின் முதுகில் ஓடும் பட்டையே கழன்றுவிடலாம்.

மனைவியின் அண்ணன் எவால்ட் வாயில் சாஸேஜோடு வந்தான். துப்பாக்கிக்குத் தோளில் பதியும் வால்நட் கட்டை செதுக்குபவன். கதவு நிறைய உடம்பு.

"என்ன மச்சான், ரெண்டுக்கும் இன்னும் கல்யாணம் முடியலையா?"

"போய் உன் வேலையைப் பாரு."

"குடு இப்படி. கட்டைலதான் கோளாறுன்னு நாளைக்கு என் தலைல கட்டுவே."

எவால்ட் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டு குழலையும் சுட்டான். இருவரும் அட்டைக்கு நடந்தார்கள். வலக்குழல் குண்டு இடப்பக்கமும், இடக்குழல் குண்டு வலப்பக்கமும் விழுந்திருந்தன.

"அட, ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிருக்கு! குழலை ரொம்ப நெருக்கிட்டியே."

ஆல்வினுக்குப் புரிந்தது. துப்பாக்கி உதைக்கும்போது பின்னாலிருக்கும் தோள் தாங்க வேண்டும். தோளில் கனம் இல்லையென்றால் குழல் கூடுதலாகத் துள்ளும், குண்டுகள் விலகும். இத்தனை நாளும் அவன் தன் மெலிந்த உடம்புக்குத்தான் ஆப்பு நகர்த்தியிருக்கிறான்.

எவால்ட் அவன் தோளைப் பிடித்தான். கோட்டுக்குள் கம்பளி, கம்பளிக்குள் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை. பிறகு எலும்பு.

"ஜூன் மாசத்துல எதுக்கு இத்தனை?"

"குளிருது."

"இருமலா?"

"உன் தங்கச்சி ஹுல்டாகிட்ட சொல்லிடாதே. முதலாளி காதுக்குப் போயிடும். நெஞ்சுல சீக்கு உள்ளவனை எவன் வேலைக்கு வச்சுக்குவான்?"

எவால்ட் விரலால் ஓட்டைகளின் இடைவெளியை அளந்தான். "ஈஸ்டர்லேருந்துதான் இளைச்சே. அதுக்கப்புறம் உன் கையிலேருந்து எந்தெந்தத் துப்பாக்கி போச்சு?"

"ரெண்டு. ஒண்ணு மேல்காட்டு வனக்காவலருக்கு."

"அந்தாளு என்னைவிடத் தடியன், மச்சான். காட்டுப்பன்னி எதிர்க்க ஓடி வந்து, சுட்டது விலகிப் போனா..."

எவால்ட் மிச்ச சாஸேஜைத் தின்னவில்லை.

மறுநாள் காலை ஆல்வின் முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு துப்பாக்கிகளையும் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி போயிற்று. ஆல்வின் கையிலிருந்த துப்பாக்கியின் ஈயத்தை இளக்கி ஆப்பை மயிரிழை நகர்த்தினான். பட்டை கழலவில்லை. எவால்ட் சுட்டான். ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டன. மத்தியானம் டாக்டர் ஆல்வினை எடை போட்டார், முதுகில் தட்டிக் கேட்டார், மலைமேல் இருக்கும் நெஞ்சுச் சீக்கு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஹுல்டா உருளைக்கிழங்கு உருண்டை செய்திருந்தாள். அவன் இரண்டு சாப்பிட்டான். திங்கட்கிழமையிலிருந்து அவன் இடத்தில் வேறொருவன் சுட்டுப் பார்ப்பான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.