ஜீவராணி போட்ட முடிச்சு

ஜீவராணி முடிச்சுப் போட்டால் போட்டதுதான். விடாத மழையில் நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு இறங்கினாலும், ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஒரு விரல்கூடக் கீழே சரிந்திருக்காது. பக்கத்து நிரையில் பறிக்கிற வேலாயிக்கு ஒருநாள் சாக்கு நழுவிக் காலில் சிக்கி, விழுந்து கை ஒடிந்தது. அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் ஜீவராணி முன்னால் வந்து நிற்பார்கள். "எனக்கும் ஒரு முடிச்சுப் போட்டு விடு ராணி." மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள்தான், ஆனால் அதற்கு மட்டும் சலித்துக்கொள்ளவே மாட்டாள்.

புருஷன் சின்னராசாவுக்குத் தோட்ட வேலை பிடிக்கவில்லை. கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு விடுதியில் சேர்ந்துகொண்டான். வெளிநாட்டுக்காரர்களைக் கயாக் படகுகளில் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுகிற வேலை. ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிது. குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

ஓர் ஆடிக் காற்றில் கேப்டனின் படகு கவிழ்ந்தது. அவன் தண்ணீருக்குள் கிடக்க, படகு காற்றோடு போயே போய்விட்டது. எவ்வளவு நீந்தியும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. எப்படியோ எதிர்க்கரையில் ஏறி, தேயிலைக்குள் வெறுங்காலோடு நடந்து, உதடு நீலம் பாரித்து வீட்டுக்கு வந்தான். ஜீவராணி போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

"படகு ஓடுனா ஓடவிட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா? அதோட உங்கள சேத்துக் கட்டிக்க வேண்டியதுதானே!"

விடுதியிலும் அதே பேச்சுத்தான் நடந்தது. கூட வேலை செய்கிற கிஷாந்த் கட்டவே கூடாது என்றான். "படகு போனா போவட்டும்ண்ணே. ஜாக்கெட் இருக்கு, மிதக்கலாம். கயிறு எங்கயாவது சிக்குச்சுன்னா ஆளே காலி." முதலாளி கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். அதற்கென்றே ஒரு பெல்ட்டும் வாங்கிக் கொடுத்தார். முன்னால் தொங்குகிற சிவப்புக் குமிழை இழுத்தால் பெல்ட் கழன்றுகொள்ளும்.

சின்னராசா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாகக் கட்டிக் காட்டினான். ஜீவராணி குமிழை லேசாக இழுத்தாள். பெல்ட் பொத்தென்று தரையில் விழுந்தது.

"இதென்ன கூத்து? தொட்டதும் கழறுது! இத நம்பியா உங்கள தண்ணிக்குள்ள விடுறது?"

"கழறணும் புள்ள. அதுக்குத்தான் அப்புடிச் செஞ்சிருக்கான்."

"கழறுறதுக்கு என்னாத்துக்குக் கட்டணும்? போங்க, நீங்களும் உங்க பெல்ட்டும்."

அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? கழன்றுவிடுகிற கட்டு மலையில் ஆளைக் கொல்லும். அவள் கண்ட உலகத்தில் அதற்கு மாறாக எதுவும் நடந்ததில்லை. மறுநாள் முதல் தினமும் பெரட்டுக்குப் போகுமுன் நைலோன் கயிற்றை அவன் இடுப்பில் சுற்றி, தன் முடிச்சைப் போட்டு இறுக்கினாள். மறுநுனியைப் படகின் மூக்கில் அவனே கட்டிக்கொள்வான். கிஷாந்த் திட்டிப் பார்த்தான். "வீட்டு உத்தரவுடா தம்பி" என்று சிரித்துவிட்டான் சின்னராசா.

சாயங்காலம் படகிலிருந்து நுனியை அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவான். அடுப்படியில் அவள் முன்னால் நின்று இடுப்பைக் காட்டுவான். "கேப்டன் வந்தாச்சு, கழட்டி விடுங்க." அவள் வேண்டுமென்றே தாமதிப்பாள். பிறகு குனிந்து அவிழ்த்து விடுவாள். ஆண்கள் படங்கு கட்டுவதில்லை, அதனால் அந்த முடிச்சின் சூட்சுமம் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் கேட்கவுமில்லை, அவளும் சொல்லித் தரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது.

ஒருநாள் பகலிலேயே காற்று எழும்பிவிட்டது. ஒரு வெளிநாட்டுப் பெண் கவிழ்ந்துவிட, சின்னராசா குதித்து அவளைத் தூக்கி அவள் படகில் ஏற்றிவிட்டான். அதற்குள் அவனுடைய படகு காற்றில் விலகிப் போனது. தேக்கம் கட்டிய காலத்தில் மூழ்கிய மரக்கட்டை ஒன்று அடியில் இருந்திருக்கிறது. கயிறு அதில் சுற்றிக்கொண்டது. காற்று படகை இழுக்க இழுக்க, கயிறு அவனைக் கீழே இழுத்தது. ஜாக்கெட் போட்டிருந்தும் பயனில்லை. கிஷாந்த் துடுப்பை அடித்துக்கொண்டு வந்து கயிற்றை அறுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மலையிலிருந்து ஜீவராணி ஓடி வந்தாள். இடுப்பில் படங்கு கட்டினபடியே இருந்தது. கரையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் இடுப்புக் கயிற்றோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வெட்ட ஒரு கத்தி தரச்சொல்லிச் சிங்களத்தில் கேட்டார்.

"வெட்டாதீங்க சார். அது நான் கட்டுனது."

பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சைச் சுற்றி நைலோன் இழை இழையாகப் பிய்ந்து கிடந்தது. அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். வலது கையில் இரண்டு நகங்கள் இல்லை. ஐயோ, எத்தனை முறை இழுத்திருப்பானோ!

அவள் அழவில்லை. அவனுடைய பெருவிரலைப் பிடித்து முடிச்சுக்கு அடியில் கொண்டுபோனாள். விறைத்த விரல் வளைய மறுத்தது. வேலாயி ஓடி வந்து தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவள் எழும்பவில்லை.

"இங்க பாருங்க. பெருவிரல அடியில குடுக்கணும். குடுத்து, இந்தச் சின்ன இழைய மட்டும் புடிச்சு மேல இழுக்கணும். இந்தா, வந்துருச்சு பாருங்க. இவ்வளவுதாங்க. இவ்வளவுதான்."