உடுப்பு மாற்றாமல் வா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். சிட்னியில் தாதியர் மேற்படிப்புப் படித்துக்கொண்டே, வார இறுதிகளில் அவுஸ்திரேலிய இராணுவத்தின் பகுதிநேரப் படையான ரிசேர்வ் ஆமியில் நர்ஸாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு, ஆமி உடுப்போடு பயிற்சி முடிக்கும் நேரம், செவன் ஹில்ஸிலிருந்து தெரிந்த அங்கிள் ஒருவர் போன் எடுத்தார். "அவசரம் தம்பி. உடுப்பு மாத்தாம வா."

அவர் வீட்டில், இலங்கையிலிருந்து படகில் அகதியாக வந்த அண்ணை ஒருவர் வாடகைக்கு இருந்தார். வேலையிடத்தில் ஆணி ஏறிய கால் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. விசாவுக்குப் பிரச்சினை வருமென்று ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தாராம்.

நான் அறைக் கதவைத் திறந்ததும், அண்ணை அந்தக் காலோடு எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பாத்தியே, இனி ஆஸ்பத்திரிக்குப் போவார்," என்று அங்கிள் சிரித்தார்.

நான் அங்கிள் பக்கம் திரும்பினேன். "ஊரிலை நீங்களும் ஆமியிட்ட அடி வாங்கினதாச் சொன்னனீங்கள்தானே அங்கிள்?"

"அதாலதான்ரா தெரியும், இந்த உடுப்புக்கு ஆரெண்டாலும் பணிவான் எண்டு."

"அண்ணை, நான் நர்ஸ். இருங்கோ," என்றேன்.

"ஓம் சேர்."

காயத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கால் தப்பியது. அங்கிள் இதைப் பிறந்தநாள் விருந்துகளில் பகிடியாகச் சொல்கிறார். எல்லோரும் அவருடைய கெட்டித்தனத்தை மெச்சுகிறார்கள்.

நோகிறதா என்று கேட்டால் நோயாளி பயமில்லாமல் உண்மை சொல்லவேண்டும். நான் படித்த படிப்பெல்லாம் அதற்குத்தான். அன்று காயத்தைக் கழுவும்போது, "நோகுதே அண்ணை?" என்று கேட்டேன். கண்ணில் நீர் வழிய, "இல்லை சேர்," என்றார்.

கால் தப்பியதுதான்; ஆனாலும் அங்கிளை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை.